அவசர நில எடுப்பும் உரிமையாளர் இழப்பீடும்: மேனாம்பேட்டிலிருந்து ஒரு சட்ட ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

மேனாம்பேடு பெருநகர சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தில் உள்ள குடியிருப்புப் பகுதி. அம்பத்தூர், கொரட்டூர், பாடி, முகப்பேர் என்று இதைச் சுற்றியுள்ள ஊர்கள் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்தவை. கடந்த அறுபது ஆண்டுகளில் தொழிற்பேட்டை, வீட்டு வசதி வாரியத் திட்டங்கள், நெடுஞ்சாலைகள், இப்போது மெட்ரோ ரயில் என ஒவ்வொரு பொதுத் திட்டமும் இந்த ஊர்களின் பட்டா நிலங்களைத் தேடி வந்திருக்கிறது. 1964இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை ஒன்றே ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்தது. மேற்குச் சென்னையின் வேலைவாய்ப்பும் வளர்ச்சியும் இத்தகைய நில எடுப்புகளின் மேல் எழுந்தவை என்பதை மறுக்க முடியாது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு அந்த வளர்ச்சியில் என்ன பங்கு கிடைத்தது என்பதையும் அதே அளவு அக்கறையுடன் கேட்க வேண்டும்.

அரசு தன் தேவையை ‘அவசரம்’ என்று அறிவித்துத் தனியார் நிலத்தையோ வீட்டையோ எடுக்கும்போது உரிமையாளரின் எந்த உரிமைகள் சுருங்குகின்றன, எவை சுருங்கக் கூடாது, இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அவசரம் நடைமுறையின் நாட்களைக் குறைக்கலாம். தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பையும் உரிய நேரத்தில் முழுப் பணத்தைப் பெறும் உரிமையையும் அது குறைக்கக் கூடாது. நிலத்தை விரைந்து எடுக்கிற அரசு, பணத்தை அதைவிட விரைந்து தரக் கடமைப்பட்டது. இதுவே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. சட்டத்தின் வரலாறு

2.1 1894ஆம் ஆண்டுச் சட்டம்

சென்னை மாகாணத்தில் 1852ஆம் ஆண்டிலேயே பொதுப்பணிகளுக்காக நிலம் எடுக்கும் சட்டம் வந்துவிட்டது. பின்னர் 1857, 1870 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைக் கடந்து, 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவும் 2013 வரை இந்தச் சட்டத்தையே பெரும்பாலும் நம்பியிருந்தது. அதன்படி முதலில் 4(1) அறிவிக்கை வரும். அடுத்து 5ஏ விசாரணையில் உரிமையாளர் ஆட்சேபம் சொல்லலாம். ஆறாம் பிரிவின் கீழ் அரசு நிலம் தேவை என்று உறுதியாக அறிவிக்கும். ஒன்பதாம் பிரிவு நோட்டீசுக்குப் பிறகு அவார்டு எனப்படும் இழப்பீட்டு ஆணை பிறப்பிக்கப்படும்.

5ஏ விசாரணை தொடக்கத்திலேயே இருந்த உரிமை அன்று. 1923ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதைக் கொண்டுவந்தது. அதே திருத்தம் 17(4)ஆம் பிரிவின் வழியாக, அவசர நேர்வுகளில் அந்த விசாரணையைக் கைவிடும் அதிகாரத்தையும் அரசுக்குக் கொடுத்தது. எனவே கேட்கப்படும் உரிமையும் அதை மறுக்கும் அதிகாரமும் ஒரே நாளில் சட்டத்துக்குள் நுழைந்தன. பிற்கால வழக்குகளில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியே.

2.2 பதினேழாம் பிரிவு

17(1)ஆம் பிரிவின்படி, ஒன்பதாம் பிரிவு நோட்டீஸ் வெளியாகிப் பதினைந்து நாட்கள் கழிந்ததும், அவார்டு பிறப்பிக்காமலேயே ஆட்சியர் நிலத்தின் சுவாதீனத்தை எடுக்கலாம். 1984 வரை இது தரிசு நிலத்துக்கும் சாகுபடி நிலத்துக்கும் மட்டுமே பொருந்தியது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் ‘எந்த நிலமும்’ என்று அதை விரித்தது. அதே திருத்தம், மதிப்பிட்ட இழப்பீட்டில் 80 சதவீதத்தைச் சுவாதீனத்துக்கு முன்பே தர வேண்டும் என்ற 17(3ஏ) பிரிவையும் சேர்த்தது. 1984க்கு முன்பு, விளைநிலத்தின் சொந்தக்காரர் கையில் நிலத்தின் மதிப்பாக ஒரு ரூபாயும் வராமல் நிலம் கைமாற முடிந்தது. மேற்குச் சென்னையின் பெருந்திட்டங்கள் பல அந்தக் காலத்தில்தான் தொடங்கின.

2.3 சொத்துரிமையின் இடமாற்றம்

1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசமைப்புத் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. அது 300ஏ பிரிவில் அரசமைப்பு உரிமையாக நிலைபெற்றது: சட்டத்தின் அதிகாரம் இன்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. இந்தச் சிறு வாசகத்துக்கு உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம், கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான தீர்ப்பில் விரிவான பொருள் தந்தது. முன்னறிவிப்பு, ஆட்சேபம் கேட்கப்படுதல், காரணங்களுடன் கூடிய முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு, திறமையும் காலவரையறையும் உள்ள நடைமுறை, நில எடுப்பு முறைப்படி நிறைவடைதல் ஆகிய ஏழையும் 300ஏ பிரிவின் உள்ளடக்கம் என்று நீதிமன்றம் கூறியது. இழப்பீடு கொடுத்துவிட்டாலே எடுப்பு செல்லுபடியாகிவிடும் என்ற வாதத்துக்கு இனி இடமில்லை.

3. மேற்குச் சென்னை தந்த முன்னோடித் தீர்ப்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்த அதே 1964ஆம் ஆண்டு, அக்டோபரில், மேற்குச் சென்னை நில எடுப்புத் தனித்துணை ஆட்சியருக்கு எதிரான வஜ்ரவேலு முதலியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய இழப்பீட்டுச் சட்டத்தின் மூலைக்கற்களில் ஒன்று அது.

சென்னை மாநிலம் 1961இல் ஒரு திருத்தச் சட்டம் இயற்றியிருந்தது. வீட்டு வசதித் திட்டங்களுக்கு நிலம் எடுத்தால், அறிவிக்கை நாளின் சந்தை மதிப்பு, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளின் சராசரி மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே இழப்பீடு என்றது அந்தச் சட்டம். சந்தை மதிப்புக்கு மேல் தரப்படும் ஆறுதல் தொகையை 15 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. நிலத்தின் எதிர்கால வளர்ச்சி வாய்ப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னது. நகரம் தன் பக்கம் விரிந்துவருவதைக் கண்கூடாகப் பார்த்துக்கொண்டிருந்த நிலச் சொந்தக்காரருக்கு, அந்த விரிவின் பயனில் எதுவும் கிடையாது என்பதே இதன் நடைமுறை விளைவு.

நீதிபதி கே. சுப்பா ராவ் எழுதிய தீர்ப்பு இந்தத் திருத்தத்தைச் செல்லாததாக்கியது. மருத்துவமனைக்காக நிலம் இழந்தவருக்கு முழு மதிப்பு, வீட்டு வசதிக்காக நிலம் இழந்தவருக்குக் குறைந்த மதிப்பு என்று பிரிப்பதற்கு நியாயமான அடிப்படை இல்லை. அது சமத்துவ உரிமையைத் தரும் 14ஆவது பிரிவுக்கு முரணானது என்றது நீதிமன்றம். நிலம் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து உரிமையாளரின் இழப்பு மாறுவதில்லை. பின்னர் நாகபுரி மேம்பாட்டு அறக்கட்டளை வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில் சென்றது. எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தாலும் இழப்பீட்டில் பாகுபாடு கூடாது என்ற இன்றைய கோரிக்கைக்கு வேர் இந்தச் சென்னை வழக்கில் இருக்கிறது.

4. ‘அவசரம்’ என்பதை யார் தீர்மானிப்பது?

அவசரம் இருக்கிறதா என்பது அரசின் மனநிறைவைப் பொறுத்தது என்பது தொடக்கத்திலிருந்தே அரசின் வாதம். 1976இல் நாராயண் கோவிந்த் கவாதே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரம்பு இட்டது. நிலம் அவசரமாகத் தேவை என்று காட்டினால் மட்டும் போதாது; சில வாரங்களில் முடியக்கூடிய ஆட்சேப விசாரணையைக்கூட நடத்த முடியாத அளவு நெருக்கடி இருந்ததா என்பதையும் அரசு தனியாகக் காட்ட வேண்டும். விரைவாகச் சுவாதீனம் எடுப்பது ஒரு முடிவு. உரிமையாளரின் வாயை அடைப்பது வேறொரு முடிவு. இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் தேவை.

வீட்டு வசதித் திட்டங்களில் இந்தக் கோட்பாடு வளைந்து நெளிந்தது. 1986இல் மீரட் தொடர்பான பிஸ்தா தேவி வழக்கில், வீட்டுப் பற்றாக்குறையே அவசரம்தான் என்ற எண்ணத்துக்கு நீதிமன்றம் இடம் கொடுத்தது. பின்னர் அலை திரும்பியது. 2010இல் கோரக்பூர் குடியிருப்புத் திட்டம் குறித்த ஆனந்த் சிங் வழக்கில், திட்டமிட்டு ஆண்டுக்கணக்கில் நடக்கும் குடியிருப்பு வளர்ச்சிக்கு அவசரப் பிரிவு பொதுவாகப் பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது. 2011இல் தேவ் சரண் வழக்கில், சிறைச்சாலைக்காக எடுத்த நிலத்தில் முதல் அறிவிக்கைக்கும் ஆறாம் பிரிவு அறிவிப்புக்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டைக் கழித்த அரசு, விசாரணைக்கு நேரமில்லை என்று சொல்ல முடியாது என்றது. அதே ஆண்டு ராதே ஷியாம் வழக்கில் கிரேட்டர் நொய்டா நில எடுப்பு ரத்தானது.

ஆனந்த் சிங் வழக்கின் முடிவு கவலை தருவது. அவசரப் பிரிவைப் பயன்படுத்தியது தவறு என்று கண்ட பின்னும், வேலைகள் வெகுதூரம் நடந்துவிட்டன, பெரும்பாலானோர் இழப்பீடு பெற்றுவிட்டனர் என்ற காரணங்களால் நீதிமன்றம் மொத்த எடுப்பையும் ரத்து செய்யவில்லை. சட்டப்படி வென்றவருக்கு நிலம் திரும்பவில்லை. அவசரப் பிரிவின் உண்மையான ஆபத்து இதில் இருக்கிறது. தவறைக் கண்டுபிடிப்பதற்குள் அது திருத்த முடியாததாகிவிடுகிறது. ஆகையால் பின்னால் வரும் நீதிமன்றப் பரிசீலனையைக் காட்டி, முன்னால் நடக்க வேண்டிய விசாரணையைத் தவிர்ப்பது நியாயமாகாது.

நமக்கு அண்டையில் இலங்கையின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 1950ஆம் ஆண்டு காணி எடுத்தற் சட்டத்தின் 38ஆவது பிரிவு, அவசரத் தேவைக்காக நடைமுறை முடியும் முன்பே காணியைக் கையேற்க இடம் தருகிறது. யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கில் இராணுவத் தேவைக்காக 6,381 ஏக்கர் காணியை எடுக்கும் அறிவித்தல் 2013இல் ஒட்டப்பட்டபோது, ஏற்கெனவே இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த மக்கள் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. சொந்த நிலத்தில் நிற்க முடியாதவர், அது எடுக்கப்படுவதை எதிர்ப்பதற்கும் வலுவிழந்துபோகிறார்.

5. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டின் தனிவழியும்

5.1 நாற்பதாம் பிரிவு

2014 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டு நில எடுப்பு, மறுவாழ்வு, மீள்குடியேற்றச் சட்டம் அவசரத்தின் எல்லையை வெகுவாகக் குறுக்கியது. நாட்டின் தற்காப்பு, தேசப் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர், நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்கும் பிற நெருக்கடி ஆகியவற்றுக்கு மட்டுமே நாற்பதாம் பிரிவைப் பயன்படுத்தலாம். அதிலும் தேவையான குறைந்தபட்சப் பரப்பை மட்டுமே எடுக்க வேண்டும். 21ஆம் பிரிவு நோட்டீசிலிருந்து 30 நாட்கள் கழிய வேண்டும். கட்டடமானால் குடியிருப்பவருக்கு 48 மணி நேரமாவது முன்னறிவிப்பு தர வேண்டும். சுவாதீனத்துக்கு முன் 80 சதவீத இழப்பீட்டைத் தர வேண்டும். இவற்றுக்கு மேல் 75 சதவீதக் கூடுதல் இழப்பீடும் உண்டு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு தொடர்பான திட்டங்களில் மட்டும் இந்தக் கூடுதல் தொகை கட்டாயமில்லை. அரசின் அவசரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை இந்தியச் சட்டம் முதன்முறையாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டது இங்கேதான்.

5.2 மூன்று மாநிலச் சட்டங்கள்

மேனாம்பேட்டுக்காரர் ஒருவரின் நிலத்துக்கு நடைமுறையில் நாற்பதாம் பிரிவு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. தமிழ்நாட்டுக்கு மூன்று தனிச் சட்டங்கள் உள்ளன: ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். மாநிலச் சட்டப்பேரவை 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் 105ஏ பிரிவைச் சேர்த்து, இவற்றை அதன் நடைமுறைகளிலிருந்து விலக்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு மாநில அரசு ஒரு மறுஉயிர்ப்புச் சட்டத்தை இயற்றியது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஜி. மோகன் ராவ் வழக்கில் அதை உறுதி செய்தது.

இழப்பீட்டுக் கணக்கில் மத்தியச் சட்டத்தின் அட்டவணைகள் இப்போது இங்கும் பொருந்துகின்றன. சமூகத் தாக்க மதிப்பீடு தேவையில்லை. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிகளுக்கான நிலங்கள் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே எடுக்கப்படுகின்றன. அதன் மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடம் மேற்குச் சென்னையின் வழியே செல்கிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3(2) பிரிவின் கீழ் உரிமையாளருக்குக் காரணம் கேட்கும் நோட்டீஸ் வரும். அவர் ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் 3(1) அறிவிக்கை அரசிதழில் வெளியான அன்றே, நான்காம் பிரிவின்படி நிலம் எல்லா வில்லங்கமும் நீங்கி அரசின் சொத்தாகிவிடும். இழப்பீட்டை நிர்ணயிக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இதன் விளைவைக் கூர்ந்து நோக்க வேண்டும். மத்தியச் சட்டத்தின் சாதாரண வழியில், 38ஆம் பிரிவின்படி முழு இழப்பீடு தந்த பிறகே சுவாதீனம் எடுக்க முடியும். அவசர வழியில் 80 சதவீதம் முன்பணமும் 75 சதவீதக் கூடுதலும் உண்டு. மாநிலச் சட்டத்திலோ பணத்துக்கு முன்பே உரிமை கைமாறுகிறது; கூடுதல் தொகை கிடையாது. அவசரம் என்று அறிவிக்காமலே அவசரத்தின் வசதியை அரசு அடைகிறது. அதற்குரிய விலையைக் கொடுப்பதில்லை. மூன்று வழிகளிலும் இழப்பவர் ஒருவரே என்னும்போது, 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பு எழுப்பிய சமத்துவக் கேள்வி இங்கே மீண்டும் எழுகிறது.

6. இழப்பீட்டுக் கணக்கு

6.1 ஓர் எடுத்துக்காட்டு

மேனாம்பேடு மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் சந்தை மதிப்பைப் பெருக்கும் காரணி 1 மட்டுமே. ஊரகப் பகுதிகளுக்கு அது 1 முதல் 2 வரை போகலாம். 50 லட்சம் ரூபாய் சந்தை மதிப்புள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். அறிவிக்கைக்கும் அவார்டுக்கும் இடையே இரண்டு ஆண்டுகள் என்று வைப்போம். பழைய சட்டத்தில் 1984க்குப் பிந்தைய கணக்குப்படி 30 சதவீத ஆறுதல் தொகை 15 லட்சம், ஆண்டுக்கு 12 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கான கூடுதல் தொகை 12 லட்சம், ஆக மொத்தம் 77 லட்சம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் 100 சதவீத ஆறுதல் தொகை 50 லட்சம், 12 சதவீதக் கணக்கில் 12 லட்சம், ஆக மொத்தம் 112 லட்சம். நாற்பதாம் பிரிவின் கீழ் எடுத்திருந்தால் 75 சதவீதக் கூடுதல் 37.5 லட்சம் சேர்ந்து 149.5 லட்சமாகும். மாநிலச் சட்டத்தின் வழியே எடுத்தால் இந்த 37.5 லட்சம் கிடைக்காது.

6.2 அடிப்படை மதிப்பில் உள்ள ஓட்டை

மேலே சொன்ன பெருக்கல்கள் எல்லாம் முதல் 50 லட்சம் சரியாக இருந்தால்தான் சரி. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு பதிவுக்கான வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் அதிக விலையுள்ள பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதை எடுக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 11 சதவீதம் இருந்ததால், பலர் உண்மை விலையை மறைத்து வழிகாட்டி மதிப்பிலேயே பத்திரம் பதிந்தனர். ஆகவே சட்டம் நம்பியிருக்கும் இரண்டு அளவுகோல்களும் ஒன்றாகவே தாழ்ந்தன. மனை வாங்குபவரின் சுமையைக் குறைக்க எடுத்த ஒரு வரிக் கொள்கை, நிலம் இழப்பவரின் இழப்பீட்டை மூன்றில் ஒரு பங்கு வரை இறக்கக்கூடியதாக ஆனது.

6.3 துண்டாகும் வீடும் வாடகைக் கடையும்

சி.டி.எச். சாலை எனப்படும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில், பாடி முதல் திருநின்றவூர் வரை அகலப்படுத்தும் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு வருகிறது. இத்தகைய திட்டங்களில் முழு மனை போவது அரிது. முன்பகுதி பத்தடி, இருபதடி போகும்; அதனுடன் கடை, மாடிப்படி, கழிவுநீர்த் தொட்டி போகும். எஞ்சிய நிலத்தின் மதிப்புக் குறைவுக்கும் 28ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்கலாம். வீட்டின் ஒரு பகுதி மட்டும் எடுக்கப்பட்டால், முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளுமாறு கோரும் உரிமையை 94ஆம் பிரிவு தருகிறது. இந்த உரிமையை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

வாடகைதாரரின் நிலை இன்னும் மெலிந்தது. வாழ்வாதாரம் இழக்கும் குடும்பத்துக்கு இரண்டாம் அட்டவணை ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய், இடமாற்றச் செலவுக்கு 50,000 ரூபாய், சிறு வணிகருக்குக் குறைந்தது 25,000 ரூபாய் என்று சொல்கிறது. 2013இல் எழுதப்பட்ட இந்தத் தொகைகள் இன்றைய அம்பத்தூரில் ஒரு கடைக்கு முன்பணம் கொடுக்கக்கூடப் போதாது.

7. உரிமையாளர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, பட்டா. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகள் நிறைந்த மேற்குப் புறநகரில், கிரயப் பத்திரம் வாங்கியவர் பெயரிலும் பட்டா பழைய சொந்தக்காரர் பெயரிலும் இருப்பது பரவலாக உள்ளது. தகராறு என்று பதிவானால் பணம் நில எடுப்பு ஆணையத்தில் செலுத்தப்பட்டு முடங்கும். உட்பிரிவுப் பட்டா மாற்றத்தை நோட்டீஸ் வரும் வரை தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாவது, வில்லங்கம் பார்க்காமல் வாங்கும் மனை. நில எடுப்பு அறிவிக்கைக்குப் பிறகு வாங்கியவர் அந்த எடுப்பையே எதிர்த்து வழக்காட முடியாது என்று 2019இல் சிவ குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வீட்டு வசதி வாரியத்தின் பழைய அறிவிக்கைக்கு உட்பட்ட நிலம்தானா என்பதைத் தனித்துணை ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தே முன்பணம் தர வேண்டும்.

மூன்றாவது, எதிர்ப்புடன் பெறுதல். அவார்டு தொகை குறைவு என்று கருதுபவர், ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதியே பணத்தை வாங்க வேண்டும். அப்படி எழுதாமல் வாங்கினால் கூடுதல் தொகை கோரி மத்தியச் சட்டத்தின் 64ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்யும் உரிமை போய்விடும். அவார்டின்போது நேரில் இருந்தவருக்கு ஆறு வாரம், மற்றவர்களுக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஆறு வாரம் அல்லது அவார்டிலிருந்து ஆறு மாதம், இவற்றில் எது முந்தியதோ அதுவே கெடு. பக்கத்து நிலத்துக்காரர் கூடுதல் தொகை பெற்றால், மூன்று மாதத்துக்குள் 73ஆம் பிரிவின் கீழ் தமக்கும் மறுநிர்ணயம் கோரலாம்.

8. பரிந்துரைகள்

ஒன்று: பணம் நிர்ணயமாகும் முன் உரிமை கைமாறும் எந்தச் சட்டத்திலும், அரசிதழ் அறிவிக்கைக்கு முன்பே மதிப்பிட்ட தொகையில் 80 சதவீதத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும்.

இரண்டு: நாற்பதாம் பிரிவின் 75 சதவீதக் கூடுதல் இழப்பீட்டை, அதே விளைவை உண்டாக்கும் மாநிலச் சட்டங்களுக்கும் விரிவாக்க வேண்டும்.

மூன்று: வழிகாட்டி மதிப்பை அரசே குறைத்துள்ள காலங்களில், குறைப்புக்கு முந்தைய மதிப்பை இழப்பீட்டுக்கான அடித்தளமாகக் கொள்ள வேண்டும்.

நான்கு: ஆட்சேபங்கள் மீதான முடிவும் அவார்டின் முழுக் கணக்கும், ஒப்பிட்ட பத்திர எண்களுடன், தமிழில் உரிமையாளருக்குத் தரப்பட வேண்டும்.

ஐந்து: அவசரம் என்று எடுத்த நிலத்தில் குறித்த காலத்துக்குள் வேலை தொடங்காவிட்டால், அது சொந்தக்காரரிடம் திரும்ப வேண்டும். 1997இல் தமிழ்நாடு பழைய சட்டத்தில் சேர்த்த 48பி பிரிவும், ஐந்தாண்டுகள் பயன்படாத நிலம் பற்றிய இன்றைய 101ஆம் பிரிவும் இதற்கு ஓரளவே வழி செய்கின்றன. பயன்படாத நிலத்தைத் திருப்பித் தரலாம், அல்லது நில வங்கிக்கு அனுப்பலாம் என்ற தெரிவை 101ஆம் பிரிவு அரசின் கையிலேயே விடுகிறது. அவசரத்தைக் காரணம் காட்டி எடுத்த நிலத்துக்காவது இந்தத் தெரிவு அரசிடம் இருக்கக் கூடாது.

9. முடிவுரை

சாலையும் ரயிலும் தொழிற்கூடமும் வேண்டாம் என்று மேனாம்பேட்டில் எவரும் சொல்வதில்லை. அவற்றின் பயனை ஊர் முழுவதும் அடையும்போது, செலவின் பெரும்பங்கை வரைபடத்தில் கோடு விழுந்த சில வீடுகள் மட்டும் தாங்குவதே அநீதி. இழப்பீட்டுச் சட்டத்தின் வேலை அந்தச் சுமையை எல்லோர் மீதும் பரப்புவது. 1964இல் உச்ச நீதிமன்றம் மேற்குச் சென்னை நிலங்களை முன்வைத்துச் சொன்ன சமத்துவம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே மண்ணுக்கு முழுமையாக வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவர அரசமைப்பைத் திருத்தத் தேவையில்லை. பணம் முதலில், சுவாதீனம் பிறகு என்ற வரிசையைத் தன் மூன்று சட்டங்களிலும் எழுதிவைக்க மாநிலச் சட்டப்பேரவையின் ஒரு திருத்தம் போதும்.